மாமனார் இரவல் கொடுத்த தொப்பி

"யார் செஞ்ச வேலை இது?"

தொப்பிக் கடைக்காரம்மா கேட்ட தோரணையில், கொலைக் கேஸில் மாட்டிக்கொண்டவன் போல விழித்தான் அவன்.

"நான்தாங்க. கார்ல வெச்சுட்டு ஒரு மணி நேரம் மீட்டிங் போயிட்டேன். நல்ல வெயில். வந்து எடுத்துப் போட்டுப் பாத்தா, தலையில இறங்கவே மாட்டேங்குது."

"கம்பளி ஃபெல்ட் தொப்பியைப் பூட்டின கார்ல வைப்பாங்களா யாராவது?"

"தொப்பி என்னோடது இல்லீங்க. மாமனாரோடது."

கடைக்காரம்மாவின் முகம் சட்டென்று இளகியது. "அடப் பாவமே" என்றாள். அந்தப் பாவம் தொப்பிக்கு இல்லை, அவனுக்கு.

பாவம்தான். மாமனார் ரிடையர் ஆன அன்று மாமியார் ஆசையாக வாங்கிக் கொடுத்த தொப்பி அது. உச்சியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, விளிம்பு தரையில் படும்படி வைக்கக் கூடாது, பிரஷ் போட்டால் ஒரே பக்கமாகத்தான் போட வேண்டும் என்று வீட்டில் ஏகப்பட்ட சட்டம். வேறு யாரும் தொட்டது கிடையாது.

தொப்பி விஷயத்தில் எச்சில் கையால் காக்காய் ஓட்டாத அந்த மனிதர், தானாகவே போன் செய்து கூப்பிட்டார்.

"ஆபீஸ் விழாவுல தொப்பி போட்டு நடிக்கப் போறீங்களாமே மாப்பிள்ளை? வெளிய எதுக்கு அலையறீங்க? நம்மளோடதையே எடுத்துக்குங்க."

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மாமனார் இத்தனை பிரியமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கை பட்டு ஏதாவது ஆகிவிடப் போகிறதே என்று பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வந்தான். வருகிற வழியில்தான் அந்தப் பாழாய்ப்போன மீட்டிங்.

"அவர் தலை என்ன அளவு?" என்றாள் கடைக்காரம்மா.

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஹெல்மெட்தாங்க."

நாடாவால் அவன் தலையை அளந்தாள். பிறகு தொப்பியின் உள்பக்கத்தை அளந்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"ரெண்டு சைஸ் குறைஞ்சிருக்கு. விளிம்பு வேற நெளிஞ்சிருக்கு."

"விழாவுக்குக்கூட வேண்டாங்க. நல்லபடியா மாமா கைக்குப் போய்ச் சேர்ந்தாப் போதும்."

கெட்டிலைக் கொதிக்க வைத்து, உள்ளே இருந்த தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு, தொப்பியை ஆவியில் காட்டினாள். இரண்டு பாதியாக இருந்த மரக்கட்டையை உள்ளே நுழைத்து, நடுவில் இருந்த திருகை மெதுவாகத் திருப்பினாள். ஒரு திருப்பு, கொஞ்சம் ஆவி. இன்னொரு திருப்பு, இன்னும் கொஞ்சம் ஆவி.

"வேகமாத் திருப்புங்களேன்."

"கிழிஞ்சா நீங்க வந்து தைப்பீங்களா? ரெண்டு நாள் கட்டையிலேயே காயட்டும். போயிட்டு வாங்க."

அந்த இரண்டு நாளும் போன் அடித்தாலே, மாமனாராக இருக்குமோ என்று முதலில் பெயரைத்தான் பார்த்தான். நினைத்தபடியே மாமனார் கூப்பிட்டார்.

"தொப்பி பத்திரமா இருக்கா மாப்பிள்ளை? ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாக் கொண்டாங்க."

அந்தப் பெருந்தன்மைதான் அவனை இன்னும் அதிகமாகக் குத்தியது.

மூன்றாம் நாள் கடைக்குப் போனான். உச்சி மடிப்பு விரலால் பிடித்து வைத்தது போல் கச்சிதமாக இருந்தது. விளிம்பில் ஒரு நெளிவு இல்லை. போட்டுப் பார்த்தான். நெற்றியில் அளவெடுத்தது போல வந்து உட்கார்ந்தது.

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"பேசாம கொண்டு போய் வெச்சுடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள் வீட்டில் மனைவி. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனான். ஆனால் கூடத்தில் மாமனாரும் மாமியாரும் ஜோடியாக உட்கார்ந்து, "வாங்க மாப்பிள்ளை" என்று வாய் நிறையக் கூப்பிட்டதும் மனசு கேட்கவில்லை.

"மாமா, என்னை மன்னிச்சுடுங்க. தொப்பியைக் கார்ல வெயில்ல விட்டுட்டேன். சுருங்கிப் போச்சு. கடையில கொடுத்து சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

மாமியாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏன் மாப்பிள்ளை, நாலு கடை ஏறி இறங்கி நான் பாத்துப் பாத்து வாங்கினது! அடுத்தவங்க பொருள்னு ஒரு அக்கறை வேண்டாம்?"

அவன் தொப்பிப் பெட்டியைத் திறந்து மேஜை மேல் வைத்தான்.

"விடு விடு" என்றார் மாமனார். "தெரியாம நடந்துபோச்சு. பொருள் இன்னிக்கு இருக்கும், நாளைக்குப் போகும். மனுஷங்கதானே முக்கியம்? தானா வந்து உண்மையைச் சொன்னார் பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும்."

"உங்க அளவுக்குப் பெரிய மனசு எனக்கு இல்லப்பா" என்று முணுமுணுத்தபடி மாமியார் காபி போட உள்ளே போனார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. இப்படி ஒரு மாமனார் கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று கண் கலங்கிவிட்டது.

மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். தொப்பியை எடுத்து மெல்லத் தலையில் வைத்தார். அது சுலபமாக இறங்கி நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்தது. கழற்றினார். நம்பாதவர் போல மறுபடியும் வைத்தார். பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எந்தக் கடை மாப்பிள்ளை அது? உங்க அத்தைக்குத் தெரியாம போன மாசம் வெந்நீர்ல போட்டு அலசினேன் பாருங்க, அன்னிலேருந்து என் தலையில ஏறவே இல்லையே!"