மாப்பிள்ளைத் தெரு

வாரமெல்லாம் பல் பிடுங்குகிற இளம் டாக்டர், ஞாயிறானால் சம்பளமில்லாமல் தெருப்பெயர்களின் வேரைத் தோண்டுவார். இந்த ஞாயிறு ஒரு தெருவில் ஒரு வீட்டுக்குள் போய்க் கேட்டார்.

"இந்தத் தெருவுக்கு ஏங்க 'மாப்பிள்ளைத் தெரு'ன்னு பேரு?"

"உக்காருங்க தம்பி, சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர். "என்ன வேலை பாக்குறீங்க?"

"பல் டாக்டர். இந்தப் பேரு..."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லைங்க. பேரு எப்படி..."

வீட்டுக்காரரின் மனைவி வந்து கதவைச் சாத்தினாள். ஜன்னல் நிறைய பக்கத்து வீட்டுத் தலைகள். உள்ளறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

டாக்டருக்கு வேர்த்துவிட்டது. "இன்னொரு நாள் வர்றேங்க" என்று எழுந்தார். கதவோரம் கழற்றிய செருப்பைக் காணோம்.

"பதறாதீங்க. உங்க வயசுல நானும் இதே கேள்வியோடதான் இந்த வீட்டுக்குள்ள வந்தேன்."

வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

"என் செருப்பே இன்னும் கிடைக்கலை, மாப்பிள்ளை."