ரெண்டு விரல் இடம்

"நாய்க்குங்களா?" என்று கேட்டாள் தையல்காரி.

கடைக்கு வந்த நெட்டை மனிதன் மேசைமேல் நாலு தோல் பட்டைகளை வைத்திருந்தான். உள்பக்கம் மெத்தென்று துணி கொடுத்துத் தைக்க வேண்டுமாம்.

"நாய் இல்லைங்க" என்றான்.

"பூனைக்கு இவ்வளவு பெரிசு வேண்டாமே!"

அவன் காது சிவந்தது. கூட நின்ற அவன் பெண்டாட்டி, கண்ணாடிக்காரி, முப்பது வயசிருக்கும், தன் மணிக்கட்டை நீட்டினாள்.

"இந்த அளவுக்குங்க அக்கா. மாட்டினா உள்ள ரெண்டு விரல் போகணும். இறுக்கினா நரம்புக்கு ஆகாது."

வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை விழுங்கிவிடப் போனாள் தையல்காரி. அவனை மேலும் கீழும் அளந்தாள். பசுத்தோல் போர்த்திய புலி!

"நீ உள்ள வாம்மா, சரியா அளவெடுக்கணும்" என்று கண்ணாடிக்காரியை மட்டும் திரைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

அங்கே தையல்காரியின் மகள், அங்கங்கே ஊசி குத்திய கல்யாண ஜாக்கெட்டோடு பொம்மை மாதிரி நின்றிருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற இருபத்தஞ்சு வயசுப் பெண்.

"கல்யாணமா?" என்றாள் கண்ணாடிக்காரி.

"வேண்டாம்னுதான் சொல்றேன்" என்றாள் மகள்.

"வெட்கம்! எல்லாப் பொண்ணுங்களும் முதல்ல அப்படித்தான் சொல்லும்" என்று கையை வீசினாள் தையல்காரி. பிறகு போனைக் கையில் எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அவ கிடக்கட்டும். எங்கிட்ட மறைக்காதம்மா. கட்டிப்போட்டுக் கொடுமை பண்றானா? என் தம்பி லாரி ஓட்டுறான். ஒரு போன் போட்டா போதும், நெட்டையைக் குட்டையாக்கிடுவான்."

"ஐயோ அக்கா! கேட்டதே நான்தான்."

"எதை? கட்டிப்போடச் சொல்லியா?"

"சிலருக்கு ராட்டினம் பிடிக்கும். சிலருக்கு மலை ஏறப் பிடிக்கும். எங்களுக்கு இது."

"கை கால் விளங்காமப் போயிட்டா?"

"ஆபத்து இருக்குதான். அதனாலதான் எல்லாத்தையும் முன்னாடியே உட்கார்ந்து பேசிடுவோம். எது சரி, எது கூடாதுன்னு. கழுத்துப் பக்கம் போறதே இல்லை. குடிச்சிருந்தா கிடையாது. கட்டின பிறகு ஆளை விட்டு நகரக் கூடாது. கத்திரி கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்."

"எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பேசலையேம்மா!"

"எவ்வளவு பேசினாலும் பாதியில பயம் வரலாம்ல? அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு. சொன்னா அந்த நிமிஷமே நிறுத்தணும். மறுபேச்சு கிடையாது."

"ஏன், வேண்டாம்னா போதாதா?"

கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். "விளையாட்டுல வேண்டாம் வேண்டாம்னு சொல்றதும் உண்டு அக்கா. நிஜமா, சும்மாவான்னு தெரியாமப் போயிடும்ல? அதான் சம்பந்தமே இல்லாத வார்த்தையா வெச்சுக்கிட்டோம். ஒட்டகம்."

"ஒட்டகமா!"

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து போன ஒரு மாதத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. தையல்காரிக்கு அதைக் கவனிக்க ஏது நேரம்?

"எல்லாம் வாய்ப்பந்தல்! ஆம்பளை நிறுத்துவானாம்! எங்க, கூப்பிடு பார்ப்போம்."

"சும்மா சொல்லக் கூடாதுக்கா. அது விளையாட்டு வார்த்தை இல்லை."

"நீ சொல்லாட்டி நான் சொல்றேன்" என்று கழுத்தை நீட்டி, "ஒட்டகம்!" என்று ஒரு கத்து கத்தினாள் தையல்காரி.

வெளியே முக்காலி சாய்ந்தது. நூல்கண்டு டப்பா கவிழ்ந்து, கண்டுகள் தெருவரைக்கும் உருண்டன. திரைக்கு அடியில் நெட்டையனின் ரெண்டு கால்களும் வந்து நின்றன. ஒன்றில் செருப்பு இல்லை.

"என்னாச்சு? எங்க வலிக்குது?" மூச்சு வாங்கியது. "உள்ள... உள்ள வரலாமா?"

தையல்காரி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றான். கையில் அவளுடைய பெரிய கத்திரி.

"ஒண்ணுமில்லைப்பா, எனக்கு ஒண்ணுமில்லை" என்றாள் கண்ணாடிக்காரி. அதற்கப்புறம்தான் அவன் கண்ணைத் திறந்தான்.

தையல்காரி போனை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"புதன்கிழமை வாங்க. ரெண்டு விரல் இடம் விட்டே தைச்சுத் தர்றேன். கத்திரியைக் குடுத்துட்டுப் போங்க தம்பி."

அவர்கள் போனதும் நூல்கண்டுகளைப் பொறுக்கி வைத்துவிட்டு மகளிடம் வந்தாள்.

"உலகத்துல என்னென்ன இருக்கு பாரு! ஆனா ஒண்ணுடி, ஒரு வார்த்தைக்கு எப்படி ஓடி வந்தான்! பொண்ணு மனசைக் கேட்டு நடக்கிறவன்தான் மனுஷன்."

குண்டூசிகளை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு, மகளின் விலாப்பக்கம் துணியை இழுத்துப் பிடித்தாள்.

"இறுக்குதும்மா."

"அதுக்குள்ள இளைச்சிடுவே. கையைத் தூக்கு. வர்ற வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வர்றாங்க. அன்னிக்கும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம, கொஞ்சம் சிரிச்ச முகமா..."

"அம்மா."

"ம்?"

"ஒட்டகம்."

தையல்காரி சிரிக்கப் போனாள். எதிரே நிலைக்கண்ணாடியில் மகள் சிரிக்கவில்லை.

துணியைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க வலிக்குதும்மா?" என்றாள்.