மரியாதை குறைந்த நாள்

“புரியலையாம்மா? இரு, இன்னும் மெதுவா சொல்றேன்” என்றாள் வக்கீல்.

வக்கீல் என்பது பக்கத்து இருக்கைக்காரிக்கு வகுப்பு வைத்த பெயர். வாயைத் திறந்தால் வாதம். எதிராளி தோற்றாலும் விடமாட்டாள், தோற்றதை ஒப்புக்கொள்ளும் வரை பேசுவாள். சாயங்காலம் வகுப்பை விட்டுக் கடைசியாகக் கிளம்புகிறவளும் அவள்தான். யாரோடாவது ஒரு வாதம் பாக்கி இருக்கும்.

இப்போது அவள் விளக்கிக்கொண்டிருந்தது ஒரு ஜோக்கை.

கரும்பலகையின் இடது மூலையில் தினமும் காலையில் ஒரு ஜோக் முளைத்திருக்கும். எழுதுவது யாரென்று தெரியாது. வகுப்பே படித்துச் சிரிக்கும். சிரித்து ஓய்ந்ததும் வக்கீல் பக்கத்தில் இருப்பவளிடம் திரும்பி உரை எழுத ஆரம்பித்துவிடுவாள்.

ஏனென்றால் பக்கத்தில் இருப்பவளுக்கு ஜோக் புரியாது. அப்படித்தான் வகுப்பு முடிவு செய்திருந்தது.

வருட ஆரம்பத்தில் அவளேதான் எழுந்து நின்று சொன்னாள். “எனக்கு ஆட்டிசம் இருக்கு. சத்தம் ஜாஸ்தியானா காதைப் பொத்திப்பேன். மூஞ்சியைப் பார்த்துப் பேசமாட்டேன், ஆனா கேட்டுட்டுத்தான் இருப்பேன்.”

சொல்லிவிட்டால் தொல்லை தீரும் என்று நினைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். தொல்லை ஆரம்பித்ததே அன்றுதான்.

மறுநாள் ஆளுக்கொரு வீடியோ பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு முழம் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு கடையையே விலை பேசுகிற கூட்டம்.

ஒருவன் முழ நீளத்துக்கு இரண்டு எண்களைச் சொல்லிப் பெருக்கச் சொன்னான். கணக்கில் அவள் வாங்கும் மார்க்கைப் பார்த்திருந்தால் அவனே அழுதிருப்பான்.

அவளுக்கு அழுகையே வராது என்று இன்னொருத்தி கேள்விப்பட்டிருந்தாள். ஆகவே புதுப் படத்தில் நாய்க்குட்டி செத்துப்போவதை அவளிடம் மட்டும் சாவகாசமாக விவரித்தாள். அன்று முழுக்க அவள் மூக்கைச் சிந்தியது ஜலதோஷக் கணக்கில் சேர்ந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த மரியாதைதான்.

மற்றவர்களுக்குள் எல்லாம் ‘வாடி’, ‘போடா’, ‘எருமை’, ‘குரங்கு’தான். அவள் பக்கம் திரும்பியதும் குரல் இறங்கி, வேகம் குறைந்து, ‘அம்மா’, ‘செல்லம்’ என்று தேன் சொட்டும். கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்த சாமான் மாதிரி. வருகிறவர்கள் எல்லாம் அழகு என்பார்கள், எடுத்துக் கையில் பிடிக்க ஒருவரும் இல்லை.

ஒரே ஒரு ‘டி’. அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆனால் கேட்டு வாங்குகிற சரக்கா அது?

இதில் வேடிக்கை என்னவென்றால், இடது மூலை ஜோக்குகளை எழுதுவதே அவள்தான்.

மணியடிக்கும் நேரத்து வராந்தா இரைச்சலைத் தாங்க முடியாது என்பதால் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவாள். காலி வகுப்பு. துடைத்த பலகை. அதன் கீழ்க்கட்டையில் தவறாமல் ஒரு முழு சாக்பீஸ். கூட்ட வருகிற அக்காவின் மறதி என்று நினைத்து, அந்த மறதிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வாள்.

எழுதிவிட்டு இடத்தில் உட்கார்ந்து, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு, வகுப்பு சிரிப்பதைக் கேட்பாள். அந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் அவள் காதைப் பொத்தியதே இல்லை.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் மறுபடியும் கைதட்டிவிடுவார்களே என்று பயம்.

இன்றைய ஜோக் இது: ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் கணக்கு சார். கேட்டோம். இப்போது சாருக்கும் இருக்கிறது.’

கடைசி பெஞ்சு மேசையைக் குத்திச் சிரித்தது. கணக்கு சாரே வாசலில் நின்று படித்துவிட்டு, எதையோ மறந்தவர் மாதிரி திரும்பிப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

“இப்ப பாரும்மா” என்று வக்கீல் விரலை மடக்கினாள். “சார் பாவம். அவருக்குப் பாடத்துல நிஜமாவே சந்தேகம் வந்துருச்சு. நாமதான் அவருக்கு ஒரு டியூஷன் ஏற்பாடு பண்ணணும். பெரியவங்களுக்கு உதவி செய்யணும், அதான் இதுல இருக்கிற கருத்து.”

கருத்து!

முந்தாநாள் ஜோக்கில் வக்கீல் சோகம் கண்டுபிடித்தாள். நேற்று சுகாதாரம். இரண்டையும் அவள் விழுங்கிவிட்டாள். கருத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“ஜோக்குல ஏது கருத்து?” என்று வெடித்தாள். “கடைசி வரி சின்னதா வந்து டப்புனு முடியணும். சிரிப்பே அதுலதான் இருக்கு! நான் முதல்ல நீளமாத்தான் எழுதினேன், அப்புறம் பஸ்ஸுல வரும்போதுதான் பாதியை வெட்டி...”

நாக்கைக் கடித்துக்கொண்டாள். சரக்கு கைமாறிவிட்டது.

வக்கீலின் முகத்தை அவள் பார்க்கவில்லை, எப்போதும்போல் கைகளையே பார்த்தாள். இதோ, இப்போது தட்டப்போகின்றன.

தட்டவில்லை. அந்தக் கைகள் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தன. உள்ளே காம்பஸைக் காணோம், ஸ்கேலைக் காணோம். பெட்டி நிறைய முழு முழு சாக்பீஸ்கள்.

“அப்பாடா! உன் வாயைத் திறக்க வைக்கறதுக்குள்ள நான் எவ்வளவு மக்கா நடிக்க வேண்டியிருக்கு!” என்றாள் வக்கீல். மஞ்சள் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். “நாளைக்கு மஞ்சள்ல எழுதுடி. வெள்ளை கடைசி பெஞ்சுக்குத் தெரியலையாம்.”

அவள் அதை விரல்களுக்கு இடையே உருட்டி உருட்டிப் பார்த்தாள். முகம் கல்லாக இருக்க மறுத்தது.

ஆனாலும் காட்டிய முதல் சரக்குக்கே தலையாட்டிவிட முடியுமா?

“பச்சை இருக்காடி?” என்றாள்.