விழ வேண்டிய நட்சத்திரம்

காது கேளாத பிள்ளைகளின் வகுப்பில் ஆறு மாதமாகத் தொடுதிரையில் வரும் பொம்மைதான் பிறரோடு பழகச் சொல்லிக்கொடுத்தது. அதன் தோளைத் தொட்டு, முகம் பார்த்துக் கையசைத்தால் பொம்மையும் கையசைக்கும். உடனே திரையின் மேலிருந்து பரிசாக ஒரு நட்சத்திரம் விழும். இன்று கனிமலர் டீச்சர் திரையை அணைத்துவிட்டார். யாரோடும் ஒட்டாத ரெஜினா தானாக எழுந்துபோய், முன்பெஞ்சு நஸ்ரினின் தோளைத் தொட்டாள். அவள் திரும்பினாள். இருவரும் கையசைத்துக்கொண்டார்கள்.

"வீட்ல எங்களையே தொடமாட்டா டீச்சர். இப்போ பழகிட்டா," என்றாள் வாசலில் நின்ற ரெஜினாவின் அம்மா.

பிள்ளைகள் இருவரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். டீச்சரும் அண்ணாந்தார். மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. ரெஜினா உள்ளங்கையைக் குழித்து நீட்டினாள். விழுவது தவறிவிடக் கூடாதே என்று, நஸ்ரின் தன் இரண்டு கைகளையும் அதற்கு அடியில் கொடுத்தாள்.