அல்மாட்டியா, கரகண்டாவா?

"கதவைச் சாத்துங்க அண்ணி, அம்மா காதுல விழுந்தா தொலைஞ்சோம்!" அல்மாட்டியில் வேலை பார்க்கும் ஜனார் போனில் கிசுகிசுத்தாள்.

மைரா சமையலறைக் கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். கையெல்லாம் மாவு. அடுப்பில் எண்ணெயில் பவுர்சாக் மாவுருண்டைகள் பொரிந்துகொண்டிருந்தன. வயது நாற்பத்தாறு ஆகிறது. இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். அங்கே பிள்ளைகள் இவளைக் கண்டு நடுங்குவார்கள். இங்கே மாமியாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே இவள் எழுந்து நின்றுவிடுவாள்.

"ரெண்டு பல்கலைக்கழகத்துலயும் முதுகலைக்கு இடம் கிடைச்சாச்சு. அஞ்சு மணிக்குள்ள எதுன்னு சொல்லணும். இன்னும் என்ன யோசனை? இங்க வந்துடுங்க அண்ணி. ஆய்வுக்கூடம் பிரமாதம். என் அறையிலயே தங்கிக்கலாம். எத்தனை நாளைக்குத்தான் நானும் நூடுல்ஸைக் கட்டிக்கிட்டு அழறது?"

"அத்தை சம்மதிக்கணுமே ஜனார்."

"இன்னும் சொல்லவே இல்லையா?"

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மைரா போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யாரு, என் பொண்ணா?" என்றபடி வந்தாள் மாமியார் ராவ்ஷான்.

"ஆமா அத்தை."

"அங்க வந்து படின்னு சொல்றாளாக்கும்?"

மைராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"முழிக்காதே. உன் புருஷன் வாயில என்னிக்கு எது நின்னிருக்கு? நேத்தே உளறிட்டான்." ராவ்ஷான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நம்ம கரகண்டாவுலயே பல்கலைக்கழகம் இருக்கு. ஏழாம் நம்பர் பஸ் வாசல்ல நிக்குது. காலையில போனா சாயங்காலம் டீக்கு வீட்டுக்கு வந்துடலாம். அதை விட்டுட்டு ராத்திரி முழுக்க ரயில்ல போய்ப் படிக்கணுமா? அல்மாட்டி புத்தகத்துல என்ன, வேற எழுத்தா போட்டிருக்கான்?"

"அங்க ஆய்வுக்கூடம் பெரிசு அத்தை."

"ஆய்வுக்கூடம்!" ராவ்ஷான் கண் கொட்டாமல் பார்த்தாள். "என் முகத்தைப் பாத்துச் சொல்லு. ஆய்வுக்கூடத்துக்காகவா போறே?"

மைரா மாவுக் கையைத் துணியில் துடைத்தாள். அடுப்பில் கருகும் வாடை வந்தது. மாமியார் கை விரித்து ஆசி சொல்லாமல் அந்த வீட்டிலிருந்து யாரும் நெடும்பயணம் கிளம்பியதில்லை. "மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவளை எதிர்த்துப் பேசியதில்லை. ஆனால் இப்போது விட்டால் இனி இந்த ஜென்மத்தில் கிடைக்காது. பயத்தை மென்று விழுங்கினாள்.

"அல்மாட்டிக்குத்தான் போறேன் அத்தை. ரெண்டே வருஷம்."

ராவ்ஷான் விருட்டென்று எழுந்தாள். மைரா தன்னையறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஆனால் மாமியார் நேராகப் போய் அடுப்பை அணைத்தாள். கருகிப்போன பவுர்சாக்கை வாரித் தட்டில் போட்டாள். பிறகு திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தி, முணுமுணுவென்று ஆசி சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டாள்.

கிட்டே வந்து மைராவின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டு வா. தலைப்பிள்ளை தாத்தா பாட்டிக்குன்னு நம்ம வழக்கம். நாப்பதாம் நாள் உன் மடியிலேருந்து வாங்கிக்கிட்டேன். இத்தனை வருஷமா நீயும் வாயைத் திறக்கலே." ராவ்ஷானின் குரல் கெஞ்சியது. "அங்க போயும் திறந்துடாதேம்மா... ஜனாரைப் பெத்தவ நீதான்னு தெரிஞ்சா, அப்புறம் என்னை அவ அம்மான்னு கூப்பிடுவாளா?"