தோற்றவர்களுக்கு மட்டும் சோழநாடு

பத்தாம் வகுப்பு சரித்திரத்தில் தோற்றவர்களைக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் சோழர் காலத்துக்கே அனுப்பிப் பாடம் படிக்க வைக்கிறார்கள். தேறியவர்கள் வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

கீழ்வீட்டுச் செவ்வந்தி ஒன்பது மதிப்பெண் வாங்கி, போயும் வந்துவிட்டாள். "மிளகாயே இல்லாத குழம்பு சார்! வெறும் மிளகுக் காரம்தான், அப்படி ஒரு ருசி!" என்றாள். என் வயிறு எரிந்த எரிச்சலில் தெருவுக்கே சோறு வடித்திருக்கலாம். முப்பத்தாறு வருடம் அந்தக் காலத்தைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த சரித்திர வாத்தியார் நான். எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

உடனே தனித்தேர்வராக விண்ணப்பித்தேன். வேண்டுமென்றே தோற்பதுதான் திட்டம். ஆனால் கேள்வித்தாளைக் கண்டதும் மானம் தடுத்தது. வகுப்பில் சொன்ன விடைகளையே கூடுதல் தாள் பதினெட்டு வாங்கி எழுதிவிட்டு, அழாத குறையாக வெளியே வந்தேன்.

முடிவு வந்தது. நூற்றுக்கு ஏழு!

செவ்வந்திதான் விளக்கினாள். "நாங்க நேர்ல பாத்துட்டு வந்து சொன்னதும் விடையெல்லாம் மாத்திட்டாங்க சார். நீங்க பழசை எழுதியிருக்கீங்க."

"உன்னைவிட ரெண்டு குறைச்சல்!" என்று நான் குதித்த குதியில் கீழ்வீட்டு மின்விசிறி கழன்று விழுந்திருக்கும். "கோமளா, பெட்டியை எடு!"

மனைவி நகரவில்லை. "அப்போ முப்பத்தாறு வருஷமா நீங்க முட்டை போட்ட பிள்ளைங்க?"

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"வந்ததும் எல்லாரையும் பாஸ் போட்டுடறேன்டி. முதல்ல அந்தக் குழம்பைச் சாப்பிட்டுக்கிறேன்."