தாத்தா காலத்துப் பூட்டு

“அப்பா! சாவி உங்ககிட்ட இருக்கா, இல்லையா? அதையாவது சொல்லுங்களேன்!”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, “இல்ல” என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. அதற்கே மகள் நன்றி சொல்லியிருப்பாள். தூர ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று அவள் சொன்னதிலிருந்து மனிதர் அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடும்போது உப்பு வேண்டுமென்றால்கூட உப்பு டப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

இன்று சாயங்காலம் பஸ். பெட்டி கூடத்துச் சுவரோரம் தயாராக நின்றது. சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று அவள் அப்பாவின் அறைக்கு வந்தாள். அவரோ அவள் முகத்துக்கு நேரே படாரென்று கதவைச் சாத்தினார். அந்தக் கதவில் இருப்பது தாத்தா காலத்துப் பித்தளைப் பூட்டு. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்தோ வெளியேயிருந்தோ திறக்க வேண்டுமென்றால் சாவி வேண்டும்.

வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாள். சாவி அகப்படவில்லை. உள்ளே இருப்பவரோ பிரஷர்காரர். பதறியடித்துக் கடைத்தெருவுக்கு ஓடி, சாவி செய்கிறவரைக் கையோடு கூட்டி வந்தாள்.

சாவிக்காரர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூட்டைத் தடவிப் பார்த்தார். “அடேயப்பா! இதை உடைக்க எனக்கு மனசு வராதும்மா. புதுச் சாவியே செஞ்சுடுவோம்.”

வெட்டாத மொட்டைச் சாவி ஒன்றை மெழுகுவர்த்தியில் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். “இதை உள்ள விட்டா, இடிக்கிற இடத்துல கரி அழியும். அந்த இடத்த அரத்தால ராவணும். அவ்வளவுதான் வித்தை.”

துளையில் விட்டார். எடுத்துப் பார்த்தார். டார்ச் அடித்துத் துளைக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். சுவரோரப் பெட்டியைப் பார்த்தார்.

“ஊருக்காம்மா?”

“ஆமாண்ணே. சாயங்காலம் பஸ். அதுக்குள்ள ஆயிடுமா?”

“பழசு பாருங்க, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நீங்க அப்பாகிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. அடைஞ்சு கிடக்கிறவருக்குப் படபடப்பு வந்துடக் கூடாதில்ல?”

அரம் கரகரவென்று ஓட ஆரம்பித்தது.

என்னத்தைப் பேசுவது? “அப்பா, மாத்திரையெல்லாம் ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கேன்” என்றாள். “பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லியிருக்கேன். அடிக்கடி வந்து பார்ப்பாங்க.” பதிலுக்கு அரம்தான் பேசிக்கொண்டிருந்தது. போதும் என்று அவள் எழுந்திருக்கப் போனபோது கதவு கேட்டது:

“அங்க ரொம்பக் குளிருமாமே?”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “குளிரும்ப்பா.”

“ஸ்வெட்டர் வாங்கினியா? இல்ல, போய் நடுங்கிக்கிட்டே வாங்கிக்கலாம்னு விட்டுட்டியா?”

“வாங்கிட்டேன்ப்பா.”

“என்ன கலரு?”

“நீலம்.”

“ம். அம்மாவுக்கும் நீலம்தான் பிடிக்கும்.”

அதற்கப்புறம் மடை திறந்த மாதிரிதான். வாடகை அறைக்குத் தாழ்ப்பாள் ஒழுங்காக இருக்கிறதா, ஆபீஸ் பக்கமா, சமைக்கத் தெரியாதவள் எதைத் தின்று உயிர் வாழப் போகிறாள் என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி மேல் கேள்வி. அவள் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அவளும் ஒன்று கேட்டாள்.

“என் மேல கோபமாப்பா?”

“கோபமெல்லாம் இல்லடி. நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யார்கூட சண்டை போடுவேன்? அதைச் சொல்லத் தெரியல. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டேன்.”

“தினமும் போன்ல போடுங்க. நான் இருக்கேன்ல?”

“வாயாடி!” உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சாவிக்காரர் தலையை நிமிர்த்தவேயில்லை, ராவிக்கொண்டே இருந்தார்.

“ஏம்ப்பா சாவிக்காரரே!” என்று அப்பா குரல் கொடுத்தார். “பஸ்ஸுக்கு நேரமாகுது. என் பொண்ணு கிளம்ப வேண்டாமா?”

“கிளம்பட்டும்ங்கிறீங்களா ஐயா?”

“கிளம்பட்டும்ப்பா. போய் நல்லா இருக்கட்டும்.”

“அப்ப இதோ திறந்துடும்!” சாவிக்காரர் பூட்டை மறைத்துக்கொண்டு குனிந்தார். களுக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்தது.

அப்பா வெளியே வந்து மகளை அணைத்துக்கொண்டார். “இரு, சட்டையப் போட்டுக்கிட்டு வரேன். நானே பஸ் ஏத்தி விடறேன்” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்பவும் அறைக்குள் போனார்.

அதற்குள் சாவிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

“அண்ணே, நீங்க மட்டும் வரலைன்னா நான் அழுதுக்கிட்டேதான் ஊருக்குப் போயிருப்பேன். இந்த உதவிய உயிருள்ளவரைக்கும் மறக்க மாட்டேன். அந்தப் புதுச் சாவியக் குடுத்துட்டுப் போங்க. அப்பா தனியா இருக்கப்ப மறுபடியும் கதவு பூட்டிக்கிட்டா?”

சாவிக்காரர் தலையைச் சொறிந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ராவி ராவி, பல் குத்துகிற குச்சி கணக்காக இளைத்துப் போயிருந்தது அது.

“இதுவா அந்தப் பூட்டைத் திறந்துச்சு?”

“இது எங்கம்மா திறக்கும்? உள்ளேயே நுழையலையே!” என்று சிரித்தார் சாவிக்காரர். “உள்பக்கம் சாவி போட்டே இருந்துச்சு. திறந்தது உங்கப்பாதான்.”